குச்சியின் ரத்தம், பீரோவின் பேர்

அந்த அலுவலகத்தில் கணக்குப் பிரிவுத் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பேர் பீரோ. ஓர் இடத்தில் வைத்தால் வைத்ததுதான், நாலு பேர் சேர்ந்து தூக்கினால்தான் நகரும் என்பதால் வந்த பேர். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. சண்டை போட வேண்டுமானால் எழுந்திருக்க வேண்டுமே என்று விட்டுவிட்டார். பிரிண்டர் வலது கைப்பக்கம், தண்ணீர் பாட்டில் இடது கைப்பக்கம், பிஸ்கட் டப்பா மேல் இழுப்பறையில். இரண்டடி தள்ளி இருந்த கோப்பு அலமாரிக்குக்கூடச் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியை உதைத்து உருண்டுதான் போவார்.

எதிர் மேஜையில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பில் எழுத்தர். வயது நாற்பதை நெருங்குகிறது, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். ஆள் ஒல்லி, அதனால் குச்சி. இரண்டு பேரும் நாள் முழுக்க உட்கார்ந்தே பில் பார்த்தார்கள், ஒரே டப்பாவில் கைவிட்டார்கள், சர்க்கரை தூக்கலாக டீ குடித்தார்கள். தின்றது ஒருவருக்கு வயிறாகத் தெரிந்தது. இன்னொருவனுக்கு எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஒப்பந்தக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் தனிக் கணக்கு கிடையாது. அதனால் குச்சி அடிக்கும் பில்லெல்லாம் பீரோவின் பேரில், பீரோவின் பாஸ்வேர்டில்தான் போகும். பல வருடப் பழக்கம். பாராட்டு வந்தால் அது பீரோவுக்கு. அதற்குப் பதிலாகத் தப்பு வந்தால் பெரிய மனதோடு அவரே தாங்கிக்கொள்வார். கணக்கு நேராகிவிட்டதாக அவருக்கு எண்ணம்.

ஒருநாள் நிர்வாகம் நிரந்தர ஊழியர்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம் அறிவித்தது. பீரோவின் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, மாடிப்படி ஏறினா உங்க மூச்சு உங்களுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள வருது. இந்தத் தடவையாவது டெஸ்ட் எடுத்துக்குங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எடுத்துக்கிறேன். எல்லாம் சரியா இருந்தா, அப்புறம் என் தட்டை எட்டிப் பார்க்கக் கூடாது."

"சத்தியமாப் பார்க்கல."

அந்தச் சத்தியம் அவருக்கு ஆசை காட்டியது. ஆனால் முகாம் நாளன்று வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்ததும், சோறு இருக்க வேண்டிய இடத்தில் பயம் நிரம்பிக்கொண்டது. தெரிந்தால்தானே நோய்? தெரியாதவரைக்கும் அது வெறும் உடம்பு.

"தம்பி, எனக்கு ஊசின்னாலே ஆகாது. வந்திருக்கிறவங்க எல்லாம் வெளியாளுங்க. என் ஆபீஸ் அட்டையை போட்டோ தெரியாமத் திருப்பி மாட்டிக்கிட்டு நீ போய்க் கையை நீட்டிட்டு வந்துடேன்."

ஊசிப் பயம் என்பது பொய். அவர் பயந்தது ஊசி கொண்டுவரும் சேதிக்கு.

குச்சி சிரித்தான். "எல்லா வேலையும் உங்க பேர்லதானே சார் பண்றேன், இதையும் பண்ணிட்டாப் போச்சு. காலையில இருந்து பச்சைத் தண்ணிதான். ஆனா ஒரு குப்பி எடுத்தாங்கன்னா என் உடம்புல மிச்சம் என்ன இருக்கும்னு பார்த்துக்குங்க!"

இரண்டு நாள் கழித்து, வீட்டில் இருக்கும்போது முகாம் டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். மனைவி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"சார், உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப அதிகமா இருக்கு. நாளைக்கு, நாளன்னிக்குன்னு தள்ளாதீங்க, உடனே வாங்க. தாகம் நிறைய எடுக்குதா? அடிக்கடி பாத்ரூம் போறீங்களா? எடை குறையுதா?"

"அது மட்டும் குறையவே இல்லைங்க டாக்டர்" என்றாள் மனைவி, அழுகைக்கு நடுவிலேயே.

பீரோவின் கண் முன்னால் வந்து நின்றது எதிர் மேஜை. சாப்பாட்டுக்கு முன்பே காலியாகிவிடும் தண்ணீர் பாட்டில். வேலைக்கு நடுவில் எழுந்து எழுந்து ஓடுகிற ஓட்டம். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாகப் போட்ட ஓட்டை. அதைப் பார்த்து, "இன்னும் ரெண்டு ஓட்டை போட்டா அப்படியே மறைஞ்சுடுவே" என்று கேலி செய்தது அவரேதான்.

காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனார். டீ இயந்திரத்தின் பக்கத்தில் நாலு பேர் நிற்கும்போது குச்சியே முந்திக்கொண்டான்.

"சார், ரிசல்ட் வந்துதா?"

நாலு முகமும் திரும்பின. எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ. "நார்மல். எல்லாம் நார்மல்."

குச்சி நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டான். பிறகு அவர் காதோரம் வந்து மெதுவாகச் சொன்னான்: "நல்லவேளை சார். கொஞ்ச நாளா எனக்கே ஒரே அசதி. டாக்டரைப் பாருன்னு வீட்ல பிடுங்கி எடுத்தா. இனிமே அந்தச் செலவு மிச்சம்." சொல்லிவிட்டு டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினான்.

பல்லைக் கடித்து அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வீட்டுக்கும் தெரியும், தன் கையையும் நீட்டியாக வேண்டும். ஒரு பொய்யை விழுங்க முடியாதவர் இரண்டாவதையும் வாயில் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டபோது, மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். மனைவியிடம், ஆபீசிலிருந்தே டாக்டரைப் போய்ப் பார்த்தாயிற்று, இப்போதைக்கு வாயைக் கட்டினால் போதுமாம் என்றார்.

வீட்டில் சர்க்கரை டப்பா மறைந்தது. மனைவி தன் டீயிலும் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். "நீங்க குடிக்காததை நான் மட்டும் எப்படிங்க குடிக்கிறது?" காலையில் அவரைக் கைபிடித்துத் தெருக்கோடி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனாள். நடக்கும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். யாருக்காகக் கடவுளைக் கூப்பிடுகிறாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. மதியம் டப்பாவைத் திறந்தால் வேகவைத்த காய்கறியும் பயறும் பொறுக்கி எடுத்தமாதிரி அடுக்கியிருக்கும். எதிரே குச்சி ஜாம் தடவிய பன்னைக் கடித்துக்கொண்டிருப்பான். அவனுக்குப் போக வேண்டிய அக்கறை தப்பான விலாசத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவர் தினமும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு மதியம், பில் அடித்துக்கொண்டிருந்த குச்சி கண்ணைக் கசக்கினான்.

"எட்டா, மூணான்னு தெரியல சார். எழுத்தெல்லாம் கலங்குது. உங்க பேர்ல தப்புப் போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு."

"கொஞ்சம் ஓய்வெடு."

"ஓய்வை விடுங்க. ஒரு விஷயம் சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அன்னிக்கு என் ரத்தத்தைத்தான் பார்த்தாங்க, உங்களோடதை யாரும் பார்க்கலையே. தப்புக்குத் துணை போயிட்டேனோன்னு உறுத்திக்கிட்டே இருக்கு. படுக்கிறதுக்கு முன்னாடி நானும் என் பொண்ணும் உங்களுக்காகத்தான் வேண்டிக்கிறோம். 'பீரோ மாமா நல்லா இருக்கணும்'ங்குது. மன்னிச்சுக்குங்க, வீட்ல அந்தப் பேர்தான் சொல்லுவோம்."

பீரோ நாற்காலியை உதைக்கவில்லை. மேஜையைப் பிடித்து எழுந்தார், சுற்றி நடந்து வந்து குச்சியின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அறையில் இருந்தவர்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள்.

"நார்மல் இல்லப்பா" என்றார். "உன் ரத்தத்துல சர்க்கரை ரொம்ப அதிகம். உடனே வரச் சொன்னாங்க. போன வாரமே தெரியும் எனக்கு."

குச்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"நார்மல்னு சொன்னீங்களே சார். அதை நம்பிப் பொண்ணுகிட்டகூடச் சொல்லிட்டேனே."

"சொன்னேன்."

"ஏன் சார்?"

அதற்குப் பதில் இருந்தது. அது அத்தனை சின்னதாக இருந்ததால் வாய்க்குக் கொண்டுவரக் கூசினார். தலை குனிந்தபடி சொன்னார்: "என் மானம் போயிடும்னு."

குச்சி பாதி அடித்த பில்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். "நான் டாக்டர்கிட்ட போறேன்."

"நானும் வர்றேன்."

குச்சி முன்னால் நடந்தான், பீரோ பின்னால் போனார். டாக்டரம்மாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் பீரோவே சொன்னார். டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குச்சியின் விரல் நுனியில் குத்திப் பார்த்து, அன்றே மருந்தைத் தொடங்கினார். "ஒல்லியா இருந்தா வராதுன்னு யார் சொன்னது? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுதான் வந்திருக்கணும்." பீரோவிடம், "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட நீங்களே வாங்க. நீங்களே" என்றார்.

பீரோ வீட்டிலும் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி, "இத்தனை நாள் உங்களுக்காக அழுதேன், அதுகூடப் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "அந்தத் தம்பி மத்தியானம் என்ன சாப்பிடும்?"

மறுநாள் காலை பரிசோதனைக் கூடத்து வாசலில் அவள் இரண்டு டப்பாக்களோடு நின்றாள். மற்ற சோதனைகளுக்காகக் குச்சியும் வந்திருந்தான். வணக்கம் மட்டும் சொன்னான். பேர் கேட்டபோது தன் பேரைச் சத்தமாகச் சொன்னான். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவனிடம் அவள் ஒரு டப்பாவை நீட்டினாள். அதை அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அடுத்து பீரோ. சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். குச்சி வாசல்படியில் நின்றான்.

"சார், கண்ணை மூடிக்குங்க. உங்களுக்குத்தான் ஊசின்னா ஆகாதே."

கேலியா, மிச்சமிருந்த கோபமா, அல்லது பழைய பிரியம்தானா, தெரியவில்லை. மூன்றுக்கும் தனக்குத் தகுதி இல்லை என்று அவருக்குத் தோன்றியது. கண்ணை மூடவில்லை. தன் ரத்தம் தன் பேர் ஒட்டிய குப்பியில் ஏறுவதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.