ஞாயிற்றுக்கிழமை லீவு

சமரச மையத்தின் நடையில் கிடந்த பெஞ்சில் டெய்சி உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள் அனிஷா. கோர்ட்டு வளாகத்தில் மற்ற இடமெல்லாம் சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருக்க, இங்கே மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி ஒரு அமைதி. எதிர்ச்சுவரில், "இங்கே தோற்பவர் யாருமில்லை" என்று பெரிதாக எழுதி, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் மாட்டியிருந்தார்கள். அதில் எது அப்பா கை, எது அம்மா கை என்று அனிஷா கேட்டாள்.

"செத்த நேரம் சும்மா இரு பாப்பா."

உள்ளே பிரிட்டோ பேசிக்கொண்டிருந்தான். கதவு சாத்தியிருந்தது. அவன் என்ன பேசுவான் என்று கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா என்ன!

அவன் திண்டுக்கல்லில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு வண்டி ஓட்டுகிறான். கல்யாணமான மறுவருஷமே கை நீட்ட ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. பொறுத்துப் பார்த்த டெய்சி ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். பேகம்பூர் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை பிடித்தாள். எரியோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது அவன் பிள்ளையைத் தன்னிடம் தரச்சொல்லி வழக்குப் போட்டிருக்கிறான். ஷிப்டு வேலைக்குப் போகிறவள், பிள்ளை யார் வீட்டிலோ கிடக்கிறது என்பதுதான் அவன் சொன்ன குற்றம். முதலில் பேசிப் பாருங்கள் என்று நீதிபதி இங்கே அனுப்பிவிட்டார்.

அவளுக்கு வாய்த்த இலவச வக்கீலும் அதையேதான் சொன்னார். "பேசி முடிச்சுக்கம்மா. கேஸ் நடத்துனா தீர்ப்பு வர்றதுக்குள்ள உம் பிள்ளை வயசுக்கு வந்துரும்."

கதவு திறந்தது. பிரிட்டோ வெளியே வந்து, மகளின் தலையைத் தடவிவிட்டு, டெய்சியைப் பார்க்காமல் போய் ஜன்னலோரம் நின்றான்.

சமரசம் பேசுகிற அம்மா நல்ல மனுஷி. அதில் குறையே சொல்ல முடியாது. டெய்சியும் பிள்ளையும் உள்ளே போனதும் உட்காரச் சொல்லி, தானே எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மேசை வட்டமாக இருந்தது. நடுவில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய்.

"கோர்ட்டுன்னு பயப்படாதீங்க டெய்சி. இங்க யாரும் யாரையும் குறுக்கு விசாரணை பண்ண மாட்டோம். அவரு இறங்கி வந்துட்டாரு. பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும்ங்கிறாரு."

டெய்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. மாதாவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"ஆனா வாரத்துல ஒரு நாள் அவரும் பிள்ளையப் பாக்கணும்ல? நியாயந்தானே?"

"பாக்கட்டும் மேடம். வீட்டுப் பக்கம் மட்டும் வரவேணாம். எனக்கு அவரக் கண்டாலே ஈரக்கொலை நடுங்குது."

"வரமாட்டாரு. நீங்களே கொண்டு போய் விடுங்க. வேற ஆள்கிட்ட குடுத்துவிடக் கூடாதுன்னு அவரும் கேக்குறாரு. ரெண்டு பேரும் வேதக்காரங்க, ஞாயித்துக்கிழமை எப்படியும் கோயிலுக்குப் போவீங்க. பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல வச்சு ஒப்படைச்சிருங்க. சாயங்காலம் அதே இடத்துல கூட்டிக்கங்க. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!" அந்த அம்மா பேனாவைத் திறந்தார். "உங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவுதானம்மா?"

அவளுக்கு லீவு செவ்வாய்க்கிழமை. மில்லுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? பாதிப் பேர் வராத ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறவர்களுக்குக் கழுத்தை நெரிக்கிற வேலை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடமும் கிடையாதே, பிள்ளை எங்கே இருக்கும்? பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவியிடம் என்று சொல்ல வேண்டும். பிரிட்டோ சொன்ன குற்றத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"ஆமா மேடம். லீவுதான்."

"அப்புறமென்ன! நல்லபடியா முடிஞ்சிருச்சு."

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ஒப்படைக்கும்போது பிள்ளையைப் பத்திரமாக ஒப்படைக்க வேண்டும், யார் தவறினாலும் மற்றவர் திரும்பக் கோர்ட்டுக்குப் போகலாம், பிள்ளை யாரிடம் என்பதையே மாற்றிக் கேட்கலாம் என்று இருந்தது. டெய்சி கையெழுத்துப் போட்டாள். அனிஷா மிட்டாயைக் கை நிறைய அள்ளினாள். யாரும் தடுக்கவில்லை.

மில்லில் பாக்கியராஜ் சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமை லீவா? ஏம்மா டெய்சி, இது என்ன கலெக்டர் ஆபீசா? நானே ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயி வருஷக்கணக்காச்சு."

"கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டேன் சார். போகலைன்னா பிள்ளை போயிரும்."

"என்னையக் கேட்டா எழுதிக் குடுத்த?"

மற்றவர்கள் காதில் விழும்படிதான் கேட்டான். டெய்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அழுகிறாள் என்று தெரிந்ததும் அவன் சிரிப்பு நின்றது. "சரி சரி, மூக்க உறிஞ்சாத. சனிக்கிழமை சாயங்காலம் அரை நைட்டு ஷிப்டுக்கு வா. அப்படியே வீட்டுக்குப் போகாம, விடியிற வரைக்கும் முழு நைட்டும் சேத்துப் பாத்துரு. முழு நைட்ட ஞாயித்துக்கிழமைக் கணக்குல போட்டுக்கிறேன். விடிஞ்சதும் நீ கோயிலுக்குப் போ, குளத்துக்குப் போ. இதுக்கு மேல என்னால ஆகாது."

அவள் கைகூப்பினாள்.

நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷினில் பக்கத்துச் சைடு பார்க்கிற மூக்காயிதான் வைதாள். அந்த இரைச்சலில் காதோரம் வாயை வைத்துக் கத்த வேண்டியிருந்தது. "கூறுகெட்டவளே! சாயங்காலம் வந்து மறுநா காலை வரைக்கும் நிப்பியா? அந்த மேடத்துக்கிட்டப் போயி உள்ளதச் சொல்லு. செவ்வாக்கெழம மாத்திக் குடுங்கன்னு கேளு."

"செவ்வாக்கெழம பள்ளிக்கூடங்க்கா. அதுவும் போக, ஏன் பொய் சொன்னேன்னு கேப்பாங்கல்ல?"

"கேட்டா கேக்கட்டும்டி. தூக்கிலயா போடப்போறாக?"

அடுத்த செவ்வாய்க்கிழமை டெய்சி போனாள். அந்த அம்மா அன்றைக்கு வரவில்லை. மேசையிலிருந்த ஆள், பேசினது எல்லாம் கோர்ட்டுக்குப் போய் உத்தரவாகிவிட்டது என்றான்.

"மாத்த முடியாதா சார்?"

"ரெண்டு பேரும் சம்மதிச்சா மாத்தலாம். அவரக் கூட்டிட்டு வாங்க. என்ன காரணம்னு எழுதணும்." நிமிர்ந்து பார்த்தான். "நீங்க சொன்னதத்தானேம்மா எழுதியிருக்கு?"

பிரிட்டோவைக் கூட்டிக்கொண்டு வருவதாம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு மில் உண்டு என்று அவன் முன்னாலேயே சொல்வதாம். டெய்சி பஸ் ஏறி வந்துவிட்டாள்.

முதல் ஞாயிறு எப்படியோ ஓடியது. இரண்டாவது ஞாயிறு பூசையில் முழங்கால் போட்டவள் எழ முடியாமல் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை வழக்கம்போல ஷிப்டு. வாரம் முழுக்க உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் பிள்ளை ராத்திரி காலைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டு தூங்குகிறதே, அது போதும் என்று நினைத்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் பார்க்க வேண்டிய பிரேமையும் டெய்சி தலையில் கட்டினார்கள். நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஓடி ஓடி ஒட்டினாள். விடிந்து மில் வேனில் ஏறியபோது காலுக்குக் கீழே தரை இன்னும் அதிர்வது மாதிரியே இருந்தது.

ஜெய்தூன் பீவி பிள்ளையைக் குளிப்பாட்டி, ரெட்டைச் சடை போட்டு வைத்திருந்தார். "மவளே, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ. கண்ணு ரெண்டும் கோவைப்பழமாட்டம் இருக்கு."

"நேரமாச்சு பீவிம்மா. வந்து சாப்புடுறேன்."

முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, சுடிதாரை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். தலையைச் சீவ நேரமில்லை.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. பைக்குகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போயின. பிரிட்டோவைக் காணோம். கேட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில், சிமெண்டுத் திண்டில் பிள்ளையோடு உட்கார்ந்தாள் டெய்சி. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு. பஸ்கள் ஹாரனை அலறவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. உட்கார்ந்ததுதான் தப்பு. இமை தானாக இறங்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டாள். எழுந்து நின்று பார்த்தாள், தலை சுற்றியது. மறுபடி உட்கார்ந்து, ஷாலின் ஒரு முனையை அனிஷாவின் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இது எதுக்கும்மா?"

"அம்மாவ விட்டுட்டுப் போயிராத பாப்பா. அப்பா வந்தா சொல்லு."

"அப்பா எப்ப வரும்?"

அனிஷா அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் தலை வேப்பமரத்தில் சாய்ந்து வாய் திறந்திருந்தது. மடியில் கிடந்த விரல்கள் மட்டும் அறுந்த நூலை ஒட்டுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன. பிள்ளை கொஞ்ச நேரம் அதையே வேடிக்கை பார்த்தது. வெளியே பஞ்சுமிட்டாய்க்காரன் மணியடித்தான். முடிச்சு லேசாகத்தான் இருந்தது.

பிரிட்டோ பைக்கை ஓரங்கட்டியபோது மகள் கேட்டுக்கு வெளியே, ரோட்டு விளிம்பில், ரோஸ் கலர் பைகள் தொங்குகிற கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மினி பஸ் அவள் பாவாடை பறக்கிற அளவுக்கு ஒட்டிப் போனது. பதறிப்போய் ஓடி வந்து வாரித் தூக்கினான்.

"ஏலே! தனியா ஏன் நிக்கிற? எங்க உங்கம்மா?"

"அந்தா. தூங்குது."

உள்ளே தூக்கிக்கொண்டு போனான். டெய்சி அப்படியே இருந்தாள். சீவாத முடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. ஷாலின் முனை மண்ணில் கிடந்தது. பிரிட்டோ கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அனிஷா அவன் இடுப்பிலிருந்து சறுக்கி இறங்கி, அம்மாவின் தோளைத் தொடப் போனாள்.

"எழுப்பாத தங்கம்," என்றான் தணிந்த குரலில். "அம்மா தூங்கட்டும்."

பிள்ளை உதட்டில் விரலை வைத்து, சரி என்று தலையாட்டியது. அவன் நாலு எட்டு பின்னால் போனான். சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்தான். திண்டும் கேட்டும் ரோடும் ஒன்றாகப் படத்தில் விழுகிறதா என்று சாய்த்துப் பார்த்தான். பிறகு மகளைக் கூப்பிட்டான்.

"பாப்பா, முன்ன நின்னியே, அதே எடத்துல செத்த நேரம் போய் நில்லு. அப்பா பஞ்சுமிட்டாய் வாங்கித் தாரேன்."

அனிஷா ஓடிப்போய்க் கேட்டுக்கு வெளியே நின்றாள். செல்லைக் கண்டதும் வழக்கம்போலப் பல் தெரியச் சிரித்தாள்.

"சிரிக்காத தங்கம்," என்றான் பிரிட்டோ. "அங்கிட்டுத் திரும்பி, ரோட்டப் பாரு."