வடிவேலுவின் பாட்டில்

மங்களத்துக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். வயிறு திறக்க அவள் செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. கோயில் கோயிலாகச் சுற்றினாள், வெறும் வயிற்றில் வைத்தியர் கொடுத்த கசாயத்தைக் குடித்தாள். குழந்தைதான் வரவில்லையே தவிர, வாந்தி தவறாமல் வந்தது. அக்கம்பக்கத்தில் வளைகாப்பு என்றால் அவளை மட்டும் கூப்பிடமாட்டார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். "உன்கிட்ட ஒரு கோளாறும் இல்ல. உன் புருஷனோட விந்தைச் சோதிக்கணும்" என்று டாக்டரம்மா ஒரு பாட்டிலைக் கொடுத்தனுப்பினார்.

புருஷன் தங்கராஜு தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிடங்குக் கணக்கு எழுதும் கிராணி. இரண்டே நாளில் பாட்டிலை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். முடிவும் வந்தது: ஐயாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவ்வளவுதான், அவன் அக்கா பூவம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஒருத்தனுக்கு ஒரு பொண்டாட்டிதான்னு சட்டம் வருதாம்லா. அதுக்குள்ள ரெண்டாவதை முடிச்சிடணும், தம்பி" என்றாள். அது அறுபத்தொன்றாம் வருஷம். தம்பி வாயைத் திறக்கவில்லை. புக்கிட் மேராவில் பெண் பார்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வீடு பார்க்க வருகிறார். காப்பி கலக்க வேண்டியவள் மங்களம். நல்ல நியாயம்!

ஞாயிறு காலை, பக்கத்து வீட்டு வடிவேலு வாசலில் வந்து நின்றான். ஏழு பிள்ளைக்காரன்.

"தங்கச்சி, டாக்டரம்மா என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"உங்களைப் பத்தி எதுக்குண்ணே சொல்லணும்?"

"பாட்டில்ல இருந்தது என்னோடதாச்சே! தங்கராஜு சொல்லலையா?"

விஷயம் இதுதான். கிடங்கில் மருத்துவப் பரிசோதனை வந்தால், சர்க்கரை வியாதிக்காரன் நல்ல உடம்புக்காரனிடம் சிறுநீர் வாங்கிக் கொடுத்துப் பாஸாவது வழக்கம். தங்கராஜு இதையும் அப்படியொரு பரீட்சை என்றே நினைத்து, வடிவேலுவிடம் போய்க் கேட்டிருக்கிறான். சிநேகிதன் கேட்டால் வடிவேலு இல்லையென்று சொல்பவனா?

பாவி மனுஷன், இரண்டாம் கல்யாணம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தானே! இருந்தாலும் மங்களம் காப்பியில் சர்க்கரையைக் குறைக்கவில்லை.

"டாக்டரே சொல்லிட்டாங்க. என் தம்பி சொக்கத் தங்கம்" என்று பூவம்மா பெண்ணின் அப்பாவிடம் அளந்துகொண்டிருந்தாள்.

மங்களம் அவர் கையில் தம்ளரைக் கொடுத்தாள். "ஐயா, டாக்டர் சொன்னதை நம்பி வந்தீங்கன்னா, பக்கத்து வீட்டுக்குப் போங்க. சோதிச்சது வடிவேலு அண்ணனோடது. ஆனா அவருக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்கு."

பெரியவர் தங்கராஜுவைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். காப்பியை மட்டும் குடித்து முடித்துவிட்டு அவர் எழுந்து போனார். பூவம்மா சமாதானம் சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

"இப்படிப் போட்டு உடைச்சிட்டியேடி" என்றான் தங்கராஜு. குரல் அழுகிறாற்போல் இருந்தது. "எனக்குத்தான் குறைன்னு ஊரே பேசும். இனிமே நான் எப்படி வெளியே தலை காட்டுறது?"

மங்களம் தம்ளரை எடுத்தாள்.

"ஆறு வருஷமா நான் காட்டலையா? அப்படித்தான்."