மாசி மகத்தன்று எடுத்த படம்

கௌதம நதிக் கரையில் கஸ்தூரியின் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்த இளஞ்செழியன், "திருவண்ணாமலையிலேர்ந்து வர்றேங்க. ஆத்தங்கரை ஊருங்களோட வரலாறு எழுதறேன். பழைய போட்டோ எதனா இருக்குங்களா?" என்றான்.

கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. ஆற்றுக்குப் போகும் பாதையை அடைத்து, இருபது வருடத்துக்குள் கட்டிய வீடு என்று நோட்டீஸ் வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. திங்கட்கிழமை விசாரணை. இந்த நேரம் பார்த்து வரலாறாம்.

"ஒண்ணும் இல்ல தம்பி."

"மாசி மகத்துக்கு, வள்ளாள மகாராஜாவுக்கு மகன் மொறையில திதி குடுக்க வர்ற சாமி உங்க வாசல்ல நின்னுட்டுத்தான் ஆத்துக்குப் போவாராமே? எதிர்வீட்டு சடையன் சொன்னாரு."

சடையனா! தன் நிலத்துக்கு இவள் வீட்டை ஒட்டி வண்டிப்பாதை கேட்டு இரண்டு வருடமாக நச்சரிப்பவர். மனு போட்டதே அவர்தான் என்று அவளுக்கு நினைப்பு. கையில் ஆதாரம்தான் இல்லை.

"தாலுகா ஆபீஸ் ஆளா நீ?"

"ஐயோ, காலேஜ்ல பாடம் நடத்தறேங்க."

"வாத்தியாரா? பாத்தா சர்வேயர் மாதிரி கீது."

அவன் சிரித்துக்கொண்டே கைபேசியைக் காட்டினான். சடையன் கொடுத்த படம். எண்பத்து மூன்றாம் வருடத்து மாசி மகம். பல்லக்கு, கூட்டம், ஒரு வெண்குடை. குடையின் பாதியோடு படம் கத்தரிக்கோலால் நறுக்கப்பட்டிருந்தது.

அதே படத்தின் இன்னொரு பிரதி அவள் பீரோவில், புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதில் மீதிக் குடை இருந்தது. ஆரத்தித் தட்டோடு மாமனார் இருந்தார். அவருக்குப் பின்னால் மண்சுவரும் கதவும் இருந்தன. இப்போதிருக்கும் மாடி வீடு அப்போது இல்லை என்று அதிகாரிகள் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து, நோட்டீஸ் வந்த அன்றே ஒளித்து வைத்திருந்தாள்.

மண்சுவரால் அவளுக்குக் கெடுதல் என்றால் சடையன் ஏன் அதை வெட்டி எடுக்க வேண்டும்?

"தம்பி, மண்சுவரு, கூரைன்னா வீட்டுக் கணக்குல வருமா?"

"கதவு இருந்தா வீடுதாங்க."

உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்தாள். அவன் கை நீட்டினான். அவள் தரவில்லை.

"என் கையிலயே இருக்கட்டும். இப்படியே எடுத்துக்கோ."

"உங்க வெரலு சாமிய மறைக்குதுங்க."

"சாமி போனாப் போறாரு. கதவு தெரியுதா பாரு."

தெரிந்தது. அவன் படம் எடுத்துக்கொண்டான்.

"திங்கட்கிழமை விசாரணைக்கு நீயும் வந்து, சடையன் குடுத்த படத்தக் காட்டணும்," என்றாள். "மொதல்ல காலேஜ் அட்டையக் காட்டு."

அட்டையை வெயிலில் பிடித்து முன்னும் பின்னும் படித்தாள். பிறகு காலண்டரில், திங்கட்கிழமைக்குக் கீழே, அவன் பெயரை எழுதிக்கொண்டாள்.