நாலாவது எண்ணில் வருகிறவள்

யோலாண்டாவின் முழங்கால்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து நடீன் தலையைக் கொடுத்தாள். சீப்பின் வால்முனை நெற்றியிலிருந்து பிடரிவரை வகிடு எடுத்தது. இருவரும் ஒத்திகை பார்க்கும் நடனம் இப்படித்தான் முடிகிறது: ஒருத்தி தலைக்கு மற்றவள் எண்ணெய் வைக்கிறாள். டெட்ராயிட்டின் கறுப்பினப் பெண்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

"மெதுவாடீ, பிச்சு எடுக்காத."

"தொட்டாலே கத்துவ. ஏழு வயசுலேர்ந்து இதே பாட்டு," யோலாண்டா சிரித்தாள்.

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நேற்றைய விருந்துக்கு மீன் பொரித்த வாடை இன்னும் போகவில்லை. சுவரில் அவர்கள் இருவர் படமும் போட்ட சுவரொட்டி. 'காயம் ஆறுதல், சகோதரித்துவம்: இருவர் நடனம்.' அரங்கேற்றத்துக்கு இன்னும் இரண்டு வாரம்.

"ஆரம்பத்துக்குப் புதுசா ஒண்ணு கிடைச்சிருக்கு, பாரு." யோலாண்டா எழுந்துபோய்த் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். முழங்கால்களை மடக்கினாள். ஒரு கையை உயர்த்தி, இல்லாத கம்பி ஒன்றை இறுகப் பற்றினாள்.

நடீனுக்கு அந்தக் கம்பியைத் தெரியும். போன மார்ச்சில் மருத்துவமனைக் கட்டிலில் அவள் அப்படித்தான் கிடந்தாள். வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் தாதி கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் ஒரு மருத்துவர் நம்பி வந்தபோது வயிற்றிலிருந்த குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை. கம்பியைப் பிடித்திருந்ததைக்கூட அவள் ஒரே ஒருத்தியிடம்தான் போனில் சொல்லியிருந்தாள். வெளியூர் நிகழ்ச்சிகளில் இருந்த அந்த ஒருத்தி, வியாழக்கிழமை வந்துவிடுகிறேன் என்றாள். வியாழக்கிழமை பூங்கொத்து மட்டும் வந்தது.

"இது நீ ஆடறது. தாளத்தோட நாலாவது எண்ணுல நான் ஓடி வந்து உன்னைத் தூக்கறேன்."

"நாலுலயேவா?"

"ஏன், லேட்டா?"

"நெஜத்துல நீ எத்தனையாவது எண்ணுலடீ வந்த?"

யோலாண்டா எழுந்து உட்கார்ந்தாள். சுவரோரம் கூடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் தட்டிக்கொண்டிருந்தன. "அதுக்காகத்தான் இதைப் பண்றேன், நடீன்."

"எனக்கா? உனக்கா?"

சுவரொட்டியைக் கிழித்துவிட்டுப் போய்விடலாம் என்று நடீனுக்குத் தோன்றியது. போனால் அந்தக் கட்டிலில் வேறு ஒருத்தி படுத்து ஆடுவாள். நாலாவது எண்ணில் யோலாண்டா வந்துவிடுவாள். ஜனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

நடீன் தரையில் படுத்தாள். கையை உயர்த்தினாள்.

"அந்த ஓரத்துல நில்லு. இருட்டுல இல்ல, வெளிச்சத்துல. உள்ளங்கையில எண்ணெய் ஊத்திக்கோ. எட்டு எட்டா எண்ணு, சத்தமா. நான் கூப்பிடாம வராத."

"எத்தனை எட்டு?"

நடீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

யோலாண்டா எண்ணத் தொடங்கினாள். முதல் எட்டுகளில் குரல் வகுப்பெடுக்கும் குரலாக இருந்தது. ஒன்பதாவது எட்டில், முப்பது வருடமாக ஆடுகிறவளுக்கு, ஐந்துக்குப் பின் என்ன என்று தடுமாறியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஏந்திய கையிலிருந்து எண்ணெய் மணிக்கட்டில் வழிந்து, முழங்கை நுனியில் திரண்டு, தரையில் சொட்டியது. உயர்த்திய கையை நடீன் இன்னும் இறக்கவில்லை.