சேவல் ஒன்று, பெட்டை இல்லை

சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே வண்டியின் விளக்குகளை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சேஜ் புதர்க்காட்டில் மட்டுமே வாழும் காட்டுக்கோழிகளான சேஜ் கோழிகளை எண்ணுவதற்கு அதுவே முறை. ஏப்ரல் மாதக் குளிர் எங்கள் மூவரின் மூச்சையும் வெண்புகையாக்கிக்கொண்டிருந்தது. ஓட்டும் இடத்தில் நான். நடுவில் என் தம்பி வெண்டெல். மறுபுறம், மடியில் படிவத்துடன், வனவிலங்கு அலுவலகத்திலிருந்து வந்திருந்த ரெனாட்டா. முன்பெல்லாம் இந்த நேரத்தில் கண்ணாடியை இறக்கினால் சேஜ் புதரின் கசந்த மணம் முகத்தில் மோதும். இப்போது நனைந்த சாம்பலின் வாடை மட்டுமே வந்தது.

பெட்டைகளைக் கவர விடியலில் திடலில் கூடி ஆடும் சேவல்களை ஒவ்வோர் ஆண்டும் மூன்று காலைகள் எண்ணுவோம். மூன்றில் எது மிகுதியோ அதுவே அந்த ஆண்டின் எண்ணிக்கை. சென்ற கோடையில் இந்த நிலத்தை எரித்த நெருப்புக்கு முந்தைய வசந்தத்தில் நாற்பத்தொரு சேவல்கள் ஆடின. இந்த ஆண்டு முதல் இரண்டு காலைகளிலும் ரெனாட்டா சுழியம் எழுதினாள். இது மூன்றாவது காலை.

"ஒண்ணு வந்தாப் போதும்க்கா. ஒண்ணே ஒண்ணு" என்று குளிர்காலம் முழுவதும் வெண்டெல் சொல்லிக்கொண்டிருந்தான். பிப்ரவரியில், முழங்கால் ஆழப் பனியில், சேஜ் விதைகளைக் கையால் தூவிக்கொண்டே எட்டு நாட்கள் நடந்தான். ஐம்பத்தேழு வயது மனிதன், இரவு உணவு மேசையில் கரண்டியைப் பிடித்தபடியே உறங்கிப்போனான்.

"தூங்கிறாத ரெனாட்டா. உன் கொறட்டையக் கேட்டே கோழி ஓடிரும்" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

"கொறட்ட விட்டது உங்கக்கா. படிவத்துல எழுதிக்கவா?"

அவன் சிரித்தான். கண்ணை மட்டும் திடலைவிட்டு எடுக்கவில்லை.

அந்தத் தவிப்பின் காரணம் அறிந்தவள் நான் ஒருத்திதான். பன்னிரண்டு ஆண்டுகளாக நாங்கள் இந்தப் பறவைகளை மனதில் வைத்தே மாடு மேய்த்தோம். அடைகாக்கும் காலம் முடியும்வரை தெற்கு மேய்ச்சலுக்கு மந்தையை ஓட்டியதில்லை. மாட்டுத் தொட்டிகளில் விழும் குஞ்சுகள் ஏறி வருவதற்குச் சாய்பலகை வைத்தோம். சேஜ் கோழி இருளில் தாழப் பறக்கும். முள்கம்பியில் மோதிச் சாகும். அதனால் அதன் கண்ணில் படும்படி, வேலியின் மேல்கம்பியில் கைநீளத்துக்கு ஒன்றாக வெள்ளை பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகி வந்தோம். சென்ற ஜூலையில் தெற்கு வேலியில் அரை மைல் மட்டுமே எஞ்சியிருந்தது. நண்பகலுக்குள் முடித்துவிடும் அவசரத்தில், பட்டை மூட்டையைச் சுமந்து நடப்பதற்குப் பதிலாக, வெண்டெல் தடத்தை விட்டு வண்டியை வேலியோரப் புல்லில் ஓட்டி நிறுத்தினான். ஜூன் மாதத்திலேயே காய்ந்து வைக்கோலாகிவிடும், எரிந்த நிலத்தில் முதலில் முளைத்துப் பிற செடிகளை எழவிடாத அந்த வந்தேறிப் புல்லை நாங்கள் ஏமாற்றுப்புல் என்போம். வண்டியின் அடியில் கொதிக்கும் புகைக்குழாய் இருப்பதை இந்த நாட்டில் யாரும் மறக்க மாட்டார்கள். அவன் மறந்தான். நாற்பதாவது பட்டையைச் செருகித் திரும்பியபோது புகை எழுந்திருந்தது. வண்டியை வெளியே ஓட்டிவிட்டு, நனைத்த சாக்கால் அடித்துப் பார்த்தான். மூன்று நாட்களில் பதினோராயிரம் ஏக்கர் எரிந்தது.

அதே பிற்பகலில் வடக்கு மேட்டில் மழையில்லா மின்னல் வெட்டியது. தீ பற்றிய அறிக்கையில் காரணம் மின்னல் என்றே எழுதினார்கள். "அக்கா, வண்டியப் புல்லுல நிறுத்திட்டேன்" என்று அவன் என்னிடம் சொன்னபோது, "வாய மூடுடா" என்றேன். அவன் மூடிக்கொண்டான். அதன் பிறகு அவன் பேசியதெல்லாம் அந்த ஒரு கோழியைப் பற்றித்தான்.

கிழக்கு வெளுத்தது. கருகிய திடலின் நடுவில் ஒரு வெண்மை அசைந்தது. சேவல் நெஞ்சை உப்பவைத்தது. நெஞ்சின் வெள்ளைச் சிறகுகளுக்கிடையே மஞ்சள் நிறக் காற்றுப் பைகள் இரண்டும் புடைத்து எழுந்து, நீருக்குள் குமிழி உடைவதுபோல் ஒலித்தன. கூரிய வால் விசிறியாய் விரிந்தது.

"வந்துட்டான்க்கா!" வெண்டெல் என் தோளை இறுகப் பற்றினான். "மாப்ள முறுக்கப் பாரு! ஊரே எரிஞ்சு கெடக்கு, இவனுக்கு மட்டும் பவுசு கொறையல."

ரெனாட்டா தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்தாள். சேவல் என்ற கட்டத்தில் ஒன்று என எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா தயங்கியது.

"பெட்டைங்க கொஞ்சம் லேட்டா வரும், இல்ல?" என்றான் அவன்.

"இவன் போன வருஷம் ஆடுன எடத்துக்கு வந்திருக்கான், அவ்வளவுதான். எரிஞ்சிருந்தாலும் வருவான். சாகுற வரைக்கும் வருவான்." அவள் அவனைப் பார்க்காமல் பேசினாள். "பெட்டைக்கு முட்ட வைக்கப் புதர் வேணும். அது வராது."

"வெத போட்டிருக்கேன். அங்க பாரு, பச்ச தெரியுது."

"அது ஏமாத்துப்புல்லு, வெண்டெல்."

"புதர் எப்ப வரும்?"

"அந்தப் புல்லு விட்டுச்சுன்னா, முப்பது நாப்பது வருஷம்..." அவன் நரைத்த கிருதாவைப் பார்த்து அவள் நிறுத்திக்கொண்டாள். பெட்டைக் கட்டத்தில் சுழியம் எழுதினாள்.

சேவல் இப்பக்கம் திரும்பி ஆடியது. அப்பக்கம் திரும்பி ஆடியது. பார்ப்பதற்கு எங்களைத் தவிர எவரும் இல்லை.

"மின்னல் இல்ல" என்றான் வெண்டெல். "என் வண்டி. புல்லுல நிறுத்திட்டேன்."

நான் ஸ்டீயரிங்கைப் பற்றிக்கொண்டேன். ரெனாட்டா படிவத்தைப் புரட்டி, பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இந்தத் தாள்ல அதுக்கு எடம் இல்ல" என்றாள், மிக மெதுவாக.

"நாந்தான் வாய மூடச் சொன்னேன்" என்றேன். அதற்கும் அதில் இடம் இருக்கவில்லை.

வெயில் ஏறியதும் சேவல் பைகளைச் சுருக்கிக்கொண்டு, சாதாரணப் பழுப்புப் பறவையாகி, தெற்கு நோக்கித் தாழப் பறந்தது. வெண்டெல் மூச்சை அடக்கினான். பட்டையில்லாத அந்த அரை மைலில், மேல்கம்பிக்கு ஒரு சாண் உயரத்தில், அது கடந்து சென்றது.

அவன் என்னைத் தாண்டி இறங்கி, வண்டியின் பின்புறத்திலிருந்து பட்டை மூட்டையை எடுத்தான்.

"ஒத்தக் கோழிக்காடா?" என்றேன்.

"நாளைக்கும் வருவான்ல."

சாவியை நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான். மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு நடந்தான். கரிய நிலத்தில் அவன் உருவம் சிறுத்துக்கொண்டே போயிற்று. பட்டை கம்பியில் செருகப்படும் ஓசை, டிக், டிக் என்று, நெடுநேரம் கேட்டது. பிறகு அதுவும் தொலைவில் கரைய, வேலியில் கைநீளத்துக்கு ஒன்றாக, காற்றில் நடுங்கும் வெண்மை மட்டும் தெரிந்தது.