பந்தயத்தில் வைத்த மீசை

அவரை எல்லோரும் 'மீசை' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் எண்ணெய் தடவி வளர்த்த மீசை. அதைக் கொண்டுபோய்ப் பந்தயத்தில் வைத்தார் என்றால் அவருடைய வாய் எத்தனை நீளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் காலமான அப்பா அவருக்கு விட்டுப்போனது ஒரு பழைய ரிவால்வர். உயிரைக் காப்பாற்றியதற்காக ஒரு கர்னல் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்ததாம், வெளிநாட்டுப் பெரிய கம்பெனி செய்ததாம். அப்பா கடைசிவரை இப்படித்தான் சாதித்தார். தங்கையின் கணவர், பூட்டுக்கடை மாப்பிள்ளை, மட்டும் நம்பவே இல்லை.

"மச்சான், உங்கப்பா கரப்பான் பூச்சிய அடிக்கவே ஆள் தேடுவாரு. கர்னலையாவது காப்பாத்துறதாவது!"

"கம்பெனி சரக்கு இல்லேன்னா மீசைய எடுத்துடறேன் மாப்ள. கம்பெனி சரக்குதான்னா, எங்கப்பா சொன்னது சத்தியம்னு சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணும்."

இப்படித்தான் இருவரும் துப்பாக்கி ரிப்பேர் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். ரிப்பேர்க்காரர் விளக்கைக் கீழே இழுத்து, லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்த்தார்.

"குழல்ல பேரே இல்லியே. கைப்பிடிக் கட்டையக் கழட்டினா அடியில செஞ்சவங்க முத்திரை இருக்கும்."

திருகாணி அசையவில்லை. எண்ணெய் விட்டார், தட்டினார், பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். வெறும் மேலுதட்டோடு அலுவலகம் போவதை நினைத்தாலே மீசைக்கு அழுகை வந்தது.

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "இப்படிக் குடுங்க" என்று ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கி எதிர்ப்பக்கமாக ஒரு திருகு திருகினார். திருகாணி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

ரிப்பேர்க்காரர் லென்ஸை எடுத்தார். "தலைகீழா மரை போட்ட கைப்பிடிய நான் பார்த்ததே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. திருடன் திணறட்டும் என்று எல்லாப் பூட்டுக்கும் தலைகீழ் மரை போட்டவர் அவருடைய அப்பா ஒருவர்தான். அந்தப் பெருமையை மாப்பிள்ளையே நூறு தடவை அளந்திருக்கிறார். கட்டைக்கு அடியில் குட்டியாக ஒரு மீன் முத்திரை இருந்தது. பூட்டுக்கடைப் பலகையில் இருக்கும் அதே மீன்.

"குண்டு போடுற ஓட்டையெல்லாம் பாதியிலேயே நிக்குது. இது சுடறதுக்குச் செஞ்சதே இல்ல" என்றார் ரிப்பேர்க்காரர்.

அப்பா புளுகியிருக்கிறார் என்பது மீசைக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மாப்பிள்ளையின் முழியைப் பார்த்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தெருவில் இறங்கியதும் கேட்டார்: "மீசைய எடுத்துடட்டுமா மாப்ள? ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. போலித் துப்பாக்கி செஞ்சது யாருன்னும் சொல்ல வேண்டியிருக்கும்."

"மீசை உங்க மூஞ்சிக்கு எடுப்பா இருக்கு மச்சான். இருந்துட்டுப் போகட்டும்."

வீட்டில் தங்கை ரிவால்வரை வாங்கிப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த திருகாணியைக் கத்தி முனையால் இறுக்கினாள். எடுத்த எடுப்பிலேயே, யோசிக்காமல், தலைகீழ்ப் பக்கமாக. "உனக்கெப்படித் தெரியும்?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"கல்யாணமாகி வந்த வாரமே மாமனார் சொல்லிட்டாரு. அப்பா கெஞ்சிக் கேட்டு செஞ்சு வாங்கினாராம்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?" என்றார் மீசை.

"சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் வேற எதைப் பேசியிருப்பீங்க? அது கெடக்கட்டும், ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வர்றாங்க. யார் செஞ்சதுன்னு கேப்பாங்களே, என்ன சொல்றது?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெளிநாட்டுக் கம்பெனி. கர்னல் குடுத்தது. சத்தியம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கர்னல் குதிரையோட ஆத்துல விழுந்துட்டாரு. மாமா குதிரையையும் சேர்த்துத்தான் கரையேத்தினாரு" என்றார்.

அந்தக் குதிரை தனக்கு இத்தனை வருடமாகத் தோன்றவில்லையே என்று மீசைக்குப் பொறாமையாக இருந்தது.