திக்காத கம்ப்யூட்டர்

2003 ஆடி மாதம் வரைக்கும் அந்தக் கல்லூரியில் லினக்ஸ் என்றால் மணிமாறன், மணிமாறன் என்றால் லினக்ஸ். விண்டோஸ் மட்டுமே தெரிந்த லேபில் அதை முதன்முதலாக ஏற்றியவன் அவன்தான். வேடசந்தூரிலிருந்து தினமும் மில் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வருகிறவனுக்கு அதைவிடப் பெரிய சொத்து வேறில்லை. முதலாண்டுப் பெண்கள்கூட அவனை "லினக்ஸண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் "அண்ணே"யை மட்டும் அவன் பொறுத்துக்கொண்டான்.

பிறகு இருதயநாதன் ஒரு ஃபிளாப்பியோடு வந்தான்.

இருதயநாதன் திண்டுக்கல் டவுன்காரன், மணிமாறனுக்குப் பக்கத்து இருக்கை. பிரவுசிங் சென்டரில் இறக்கிய ஒரு பேட்ச்சை எடுத்துவந்து, லேபில் ஏழாம் நம்பர் மெஷினில், லினக்ஸின் மூளையான கெர்னலில் ஒட்டுப் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்த மெஷினில் பின்னால் எவ்வளவு பாரம் ஓடினாலும் மவுஸ் வழுக்கிக்கொண்டு போனது, பாட்டு திக்கவில்லை. அது எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் விளக்கிய விதத்தைத்தான் மணிமாறனால் தாங்க முடியவில்லை.

"கெர்னல்ங்கிறது தாலுக்கா ஆபீஸ் கிளார்க் மாதிரி. ஒரு ஃபைல்ல குனிஞ்சா முடிக்கிற வரைக்கும் நிமிராது. நாம மவுஸ ஆட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான். பேட்ச் போட்டா, பாதியிலயே நிமிந்து 'என்ன அப்பு வேணும்'னு கேட்டுட்டு, அப்புறமா குனியும்."

உடன் படிக்கும் பவித்ரா சிரித்தாள். இதையே இரண்டு வாரம் முன்னால் மணிமாறன் அவளுக்குப் படம் போட்டு விளக்கியிருந்தான். அப்போது அவள் கொட்டாவி விட்டாள்.

இன்னொன்றும் உண்டு. அதே பேட்ச்சை அவனும் மூன்று தடவை போட்டுப் பார்த்திருந்தான். மூன்று தடவையும் மெஷின் கிளம்பும்போதே செத்தது. இது அவனுக்கும் அவன் குலதெய்வத்துக்கும் மட்டும் தெரியும்.

விஷயம் துறைத்தலைவர் அருளப்பன் சார் வரைக்கும் போனது. "வெள்ளிக்கெழம வந்து பாக்குறேன். திருப்தியா இருந்தா லேபோட ரூட் பாஸ்வேர்ட அவன்கிட்டயே குடுத்துரலாம்" என்றார். அந்தப் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் இருபது மெஷினுக்கும் ராஜா. அதற்காக மணிமாறன் சாரின் ஸ்கூட்டரைத் துடைக்காத குறையாக இரண்டு வருஷம் பின்னால் அலைந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் லேபுக்குப் போய் ஏழாம் நம்பரைப் போட்டான். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன: பழசு, புதுசு. புதுசுதான் பேட்ச் போட்ட கெர்னல். பத்து விநாடிக்குள் எதையும் அமுக்காவிட்டால் தானாக அதுவே கிளம்பிவிடும். மணிமாறன் ஒன்பது விநாடி நல்லவனாக இருந்தான். பிறகு பழசை அமுக்கினான்.

சார் வந்தார். இருதயநாதன், மெஷினைத் திணறடிக்கிற ஒரு பெரிய கம்பைலேஷனைப் பின்னணியில் ஓடவிட்டு, பாட்டைப் போட்டு, ஒரு விண்டோவைப் பிடித்து இழுத்தான்.

பாட்டு பல்லவியின் முதல் எழுத்திலேயே நாலு தடவை திக்கியது. விண்டோ முதலில் நகரவே இல்லை. பிறகு போன வழியெல்லாம் தன் நகலைப் போட்டுக்கொண்டே போனது. இருதயநாதனின் முகம் வெளிறியது. ஒரு வாரமாக மணிமாறனின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த அடுப்பை யாரோ தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள்.

சாரின் கால் தாளம் போட்டது.

"ரீமிக்ஸா இது?"

இருதயநாதன் அவசரமாகத் தலையாட்டினான். "ஆமா சார்."

"அதுவாவே பண்ணுதா?"

"அதுவாவேதான் சார்."

சார் திரையைக் காட்டினார். "ஒண்ணப் பிடிச்சு இழுத்தா இருவது வருது. என் ரூம் மெஷின்ல ஒண்ணுதான் வருது. நல்ல முன்னேற்றம்."

மணிமாறன் பல்லைக் கடித்துப் பார்த்தான். வேலை செய்து பேர் வாங்கியிருந்தால்கூட எப்படியோ தாங்கியிருப்பான். இவன் வேலையே செய்யாத ஒன்றுக்குப் பேர் வாங்குகிறான்.

"சார், அது ரீமிக்ஸ் இல்ல சார். பாட்டு திக்குது. ஓடுறது பழைய கெர்னலு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாலே தெரியுது சார். பேட்ச் போட்டது இப்படித் திக்கவே திக்காது. அது அம்புட்டு நல்லா ஓடும் சார்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் யாரைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

மெஷினை அணைத்துப் போட்டார்கள். இந்த முறை புதுசு. கம்பைலேஷன் அது பாட்டுக்கு ஓட, பாட்டு பிசிறில்லாமல் ஓடியது. விண்டோ கை போன இடத்துக்கெல்லாம் கூடவே போனது. "எம்புட்டு லேசாப் போகுது" என்றாள் பவித்ரா, அதையும் இருதயநாதனைப் பார்த்து.

சார் செத்த நேரம் கேட்டார். கால் அசையவில்லை. "சாதாரணமாத்தான இருக்கு. முன்னாடி இருந்ததே தேவல" என்றார். ஆனாலும் இரண்டு விதமாகவும் ஓட்டத் தெரிந்த பையன் என்பதால், பாஸ்வேர்டு எழுதிய காகிதத்தை இருதயநாதன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் இருதயநாதன் மணிமாறனின் தோளில் கை போட்டான்.

"நல்லவேள மாப்ள. நான் வந்தப்பவே மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அட்டெண்டர் எதையோ அமுக்கி விட்டுருக்காரு போல. நீ சொல்லாட்டி, பேட்ச்தான் சரியில்லன்னு எல்லாத்தையும் அழிச்சிருப்பேன். வேற எவனா இருந்தாலும் பொறாமையில வாயத் தொறந்திருக்க மாட்டான்."

"ம்" என்றான் மணிமாறன்.

"வா, பரோட்டா வாங்கித் தாரேன்."

மணிமாறன் நாலு பரோட்டா தின்றான். சால்னா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினான். ரொம்ப நன்றாக இருந்தது. அதற்காகவும் அவனால் இருதயநாதனை மன்னிக்க முடியவில்லை.